கயிறு அளக்கும் மீட்டருக்கு ஒரு சென்சார் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் வரை செங்குத்தாக எழுவதைப் பார்க்கும் எங்கள் பகுதி மாணவர்கள், தான் எவ்வளவு எழுந்திருக்கிறது என்பது அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை முன்வைத்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில், சுழலும் தண்டின் அசைவை மின்குறிகளாக மாற்றும் சுழல் என்கோடர்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பட்டறைக்குள்ளேயே பேசப்பட்டுவந்த ஒரு பொருளைப் பொது வாசகரிடம் கொண்டுவந்தது பாராட்டத்தக்கது. ஆயினும் அக்கட்டுரையில் இன்கிரிமெண்டல் வகை என்கோடர் பற்றிக் கூறப்பட்டவற்றுள் சில, படிப்பவரைத் தவறான வழியில் செலுத்தக்கூடியவை. தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்று, மண்டபம், பாம்பன் பகுதிப் படகுப் பட்டறைகளுக்கு இத்தகைய வேலைகளில் உதவிவருபவன் என்ற முறையில் அவற்றைச் சுட்டிக்காட்டுவது என் கடமை எனக் கருதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இங்குள்ள விசைப்படகுகளின் வின்ச் (வலைக்கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி), அதன் கயிறு அளக்கும் மீட்டர், எஞ்சின், வயரிங் வேலைகள் அனைத்தும் நடக்கின்றன என்பதால், அதற்கு முன்பாகவே இதை எழுதுவது பயன்படும்.

இன்கிரிமெண்டல் என்கோடர் தண்டின் இருப்பிடத்தைச் சொல்லும் கருவி என்று கட்டுரை தொடங்குகிறது. அது சொல்வது இருப்பிடத்தை அன்று, நகர்வை மட்டுமே. தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு வட்டத்தகட்டில் சம இடைவெளியில் கோடுகளோ துளைகளோ இருக்கின்றன. ஒரு பக்கம் எல்இடி விளக்கும் மறுபக்கம் ஒளி உணரியும் இருக்க, கோடு கடக்கும்போதெல்லாம் வெளிச்சம் மறைந்து திறந்து ஒரு மின்துடிப்பு பிறக்கிறது. அந்தத் துடிப்பு எந்தக் கோட்டினால் வந்தது என்று அதில் எந்த அடையாளமும் இல்லை. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையின் மைல்கற்கள் அனைத்தும் ஊர்ப்பெயரோ எண்ணோ இன்றி வெறும் வெள்ளைக் கற்களாக இருந்தால், பயணி புறப்பட்ட இடத்தை நினைவில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தால் மட்டுமே தான் உச்சிப்புளியில் இருக்கிறாரா மண்டபத்தில் இருக்கிறாரா என்று அறிய முடியும். இடையில் உறங்கிவிட்டால் கற்களால் அவருக்கு எந்த உதவியும் கிடைக்காது. என்கோடரின் நிலையும் அதுவே. இருப்பிடம் என்பது என்கோடருக்கு வெளியே, துடிப்புகளை எண்ணும் கவுண்டரில் சேர்த்து வைக்கப்படும் ஒரு கூட்டுத்தொகை. மின்சாரம் நின்றபோது அந்தத் தொகையை பாட்டரி மூலமோ அழியாத நினைவகத்திலோ காப்பாற்றிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் இல்லாத நேரத்தில் தண்டு அசைந்திருந்தால், காப்பாற்றப்பட்ட எண் பொய்யான எண்ணாகவே இருக்கும்.

இதனால்தான் இத்தகைய இயந்திரங்கள் ஒவ்வொரு முறை இயக்கப்படும்போதும் முதலில் ஒரு தொடக்க இடத்துக்குச் சென்று பூஜ்யத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பெரும்பாலான என்கோடர்களில் ஒரு சுற்றுக்கு ஒரே ஒருமுறை வரும் இசட் என்ற தனித் துடிப்பு இதற்கெனவே வைக்கப்பட்டுள்ளது. தண்டு பல சுற்றுகள் சுற்றும் இயந்திரத்தில் அது மட்டும் போதாது, ஏனெனில் எந்தச் சுற்றின் இசட் என்று அதுவும் சொல்லாது. ஆகவே எல்லையில் ஒரு லிமிட் சுவிட்சை வைத்து, அது தொட்ட பிறகு வரும் முதல் இசட் துடிப்பையே பூஜ்யமாகக் கொள்வது வழக்கம். சுவிட்ச் சற்று முன்பின் தொட்டாலும் இசட் துடிப்பு எப்போதும் ஒரே கோணத்தில் வருவதால், பூஜ்யம் இடம் மாறாமல் நிற்கிறது.

அடுத்து, திசையைப் பற்றிய பகுதி. ஏ, பி என்ற இரண்டு உணரிகள் 90 பாகையில் வைக்கப்படுகின்றன என்று எழுதி, வட்டத்தகட்டின் மேற்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகப் படமும் வரைந்திருந்தது. 90 பாகை என்பது தகட்டின் சுற்றில் அளக்கும் பாகை அன்று; ஒரு கோடும் அதை அடுத்த இடைவெளியும் சேர்ந்த ஒரு முழுச் சுழற்சியை 360 எனக் கொண்டு அதில் கால் பங்கு. 1000 கோடுகள் உள்ள தகட்டில் ஒரு சுழற்சி, தண்டின் கணக்கில் 0.36 பாகை, அதில் கால் பங்கு 0.09 பாகை. இரண்டு உணரிகளும் ஒரே உறைக்குள் அருகருகே அமர்ந்து, அவற்றின் முன் உள்ள நிலையான சிறு மறைப்புத் தகட்டின் கோடுகள் கால் பங்கு விலகி வெட்டப்பட்டிருப்பதால்தான் இந்த நுண்மை கைகூடுகிறது. உணரிகளை மெய்யாகவே செங்கோணத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், 1000 கோட்டுத் தகட்டில் கால் வட்டத்துக்குச் சரியாக 250 சுழற்சிகள் வந்துவிடுவதால், ஏ, பி இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் விழும். திசை என்பதே அறிய முடியாததாகிவிடும். கட்டுரையின் படத்தைப் பார்த்து ஒரு மாணவர் செய்முறைக்கு இறங்கினால் அவருக்குக் கிடைக்கப்போவது இதுதான்.

கால் பங்கு விலகல் சரியாக இருந்தால், ஏ, பி இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது நான்கு நிலைகள் கிடைக்கின்றன. உயர்ந்திருப்பதை 1, தாழ்ந்திருப்பதை 0 எனக் கொண்டு, ஏ-யை முதல் இலக்கமாகவும் பி-யை இரண்டாவதாகவும் எழுதுவோம். தண்டு ஒரு திசையில் சுழல்கையில் 00, 10, 11, 01, மீண்டும் 00 என்று வரும். எதிர்த்திசையில் 00, 01, 11, 10, மீண்டும் 00 என்று வரும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போனாலும் ஒரு நேரத்தில் ஓர் இலக்கம் மட்டுமே மாறுகிறது என்பதும், முன் எண்ணையும் பின் எண்ணையும் பார்த்த மாத்திரத்தில் திசை தெரிந்துவிடுகிறது என்பதும் இதன் சிறப்பு. ஒரு கோட்டுக்கு நான்கு மாற்றங்கள் வருவதால், 1000 கோட்டு என்கோடரிலிருந்து ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை பெறலாம். கூடுதலாகக் கிடைக்கும் இந்த நுண்மையைத்தான் பலரும் பெரிதாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய நன்மை அதிர்வு பொய்க்கணக்கு ஆகாமல் காப்பது. கட்டுரை தொடாமல் விட்டதும் அதையே என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

இழுவைமடி போடும் விசைப்படகுகளில் இரண்டு வயர் கயிறுகளும் சம நீளத்தில் போக வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மடி கோணலாக இழுபடும். கயிற்றில் குறிப்பிட்ட பாகத்துக்கு ஒன்றாக அடையாளம் கட்டி, அது வெளியே போவதைக் கண்ணால் எண்ணுவது பழைய முறை. இப்போது கயிறு சுற்றிய வின்ச் டிரம்மின் சுற்றுகளை எண்ணிக் காட்டும் மீட்டர் வேண்டும் என்று இளைய ஓட்டிகள் கேட்கிறார்கள். பட்டறையில் மலிவாகச் செய்து கொடுப்பது என்னவென்றால், டிரம்மின் பக்கத் தகட்டில் சில போல்ட்டுகளைப் பற்றவைத்து, எதிரே, இரும்பு அருகே வந்தால் உணரும் பிராக்ஸிமிட்டி சென்சார் ஒன்றே ஒன்றைப் பொருத்தி, அதன் துடிப்பை ஒரு கவுண்டருக்குக் கொடுத்துவிடுவது. கயிறு போகும்போது கூட்டவும் வரும்போது கழிக்கவும் ஒரு கைச் சுவிட்ச் வைத்துவிடுவார்கள். கரையில் சோதித்துப் பார்க்கும்போது இது குறையின்றி வேலை செய்யும். கடலில் நடப்பது வேறு. பிரேக் போட்டு நிறுத்திய டிரம், கயிற்றின் இழுவையாலும் அலையின் ஏற்றத் தாழ்வாலும் எஞ்சினின் அதிர்வாலும் ஒரு விரற்கடை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு போல்ட்டின் விளிம்பு சென்சாருக்கு நேராக நின்றுவிட்டால், அந்த ஆட்டம் ஒவ்வொன்றும் ஒரு துடிப்பாகிவிடுகிறது. கயிறு ஓர் அடியும் நகராமலேயே மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போகும். வாடைக்காற்றுக் காலத்தில் இது இன்னும் மோசம். குறை கவுண்டரில் இருப்பதாக எண்ணி அதை மாற்றுவதே வழக்கமாகிவிட்டது.

ஏ, பி என இரண்டு தடங்கள் (துடிப்பு வரிசைகள்) இருந்தால் இதே ஆட்டம் தீங்கற்றதாகிவிடும். விளிம்பில் ஏ எழும்போது பி தாழ்ந்திருந்தால் ஒன்று கூட்டப்படுகிறது. டிரம் பின்னுக்கு ஆடி ஏ விழும்போதும் பி தாழ்ந்தே இருப்பதால் ஒன்று கழிக்கப்படுகிறது. எத்தனை முறை ஆடினாலும் எண் ஒன்று கூடி ஒன்று குறைந்து நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் இந்தப் பலன் கிடைக்க வேண்டுமானால் ஏ எழும் கணத்தையும் விழும் கணத்தையும் இரண்டையுமே கணக்கில் எடுக்க வேண்டும். தங்கள் கட்டுரையில் தரப்பட்ட வழிமுறையோ, ஏ எழும்போது மட்டும் பி-யைப் பார், தாழ்ந்திருந்தால் கூட்டு, உயர்ந்திருந்தால் கழி என்று முடிந்துவிடுகிறது. சிறு கணினிச் சில்லு பதித்த மைக்ரோகண்ட்ரோலர் பலகைகளுக்காக இணையத்தில் உலவும் மாதிரி நிரல்களில் பலவும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளன. மேற்சொன்ன ஆட்டத்தை இந்த வழிமுறையில் பொருத்திப் பார்த்தால், ஏ எழும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுகிறது. அது விழுவதை எவரும் பார்ப்பதில்லை. ஆகவே கழிவதே இல்லை. இரண்டாவது சென்சாருக்குப் பணம் கொடுத்த பிறகும் ஒரு சென்சாரின் நோயே தொடர்கிறது. மேசை மீது கையால் திருகிப் பார்க்கும் மாணவருக்கு இது தெரியவே தெரியாது.

சரியான முறை, முன்பிருந்த நிலை, இப்போதைய நிலை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. நான்கு நிலைகளுக்கு நான்கு நிலைகள் என 16 இணைகள் வருகின்றன. அவற்றுள் 4 மாற்றமின்மை, 4 முன்னோக்கிய அடி, 4 பின்னோக்கிய அடி. எஞ்சிய நான்கில் இரண்டு இலக்கங்களும் ஒருசேர மாறுகின்றன. ஒழுங்காக இயங்கும் என்கோடரிலிருந்து அவை வரவே முடியாது. வந்தால் இடையில் ஓர் அடியைத் தவறவிட்டோம், அல்லது கம்பியில் இரைச்சல் புகுந்துவிட்டது என்று பொருள். அவற்றைத் தனியாக எண்ணி ஒரு மூலையில் காட்டும்படி நிரல் எழுதினால், மீட்டர் எப்போது நம்பத்தக்கதாக இல்லை என்பதை மீட்டரே சொல்லிவிடும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு ஏதுமில்லை. ஆனால் செய்பவர்கள் குறைவு.

வேகம் பற்றியும் ஒரு சொல். டிரம்முக்கு இது கவலை இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் மோட்டாரில் 2500 கோட்டு என்கோடர் இருந்தால், ஒரு நொடிக்கு 1,25,000 சுழற்சிகளும் 5,00,000 மாற்றங்களும் வரும். ஒவ்வொன்றுக்கும் நிரலை இடைமறித்து எண்ணச் சொன்னால் சிறிய மைக்ரோகண்ட்ரோலர் திணறி அடிகளைத் தவறவிடும். இதற்காகவே பல சில்லுகளில், கால் பங்கு விலகிய ஏ, பி துடிப்புகளை எண்ணும் குவாட்ரேச்சர் கவுண்டர் வன்பொருளாகவே தரப்படுகிறது.

படகுப் பட்டறைகளில் இதையே எளிமையாகச் செய்யும் வழியையும் சொல்லிவிடுகிறேன். டிரம்மின் பக்கத் தகட்டில் 8 பற்கள் கொண்ட ஓர் இரும்பு வளையம் பொருத்துவதாகக் கொள்வோம். பல்லுக்குப் பல் 45 பாகை. பல்லும் பள்ளமும் சமமாக 22.5 பாகை. இரண்டாவது பிராக்ஸிமிட்டி, முதலாவதிலிருந்து 45-இல் கால் பங்கான 11.25 பாகை தள்ளி இருக்க வேண்டும். வளையம் சிறியதாக இருந்தால் 18 மில்லிமீட்டர் சென்சார்கள் இரண்டு அவ்வளவு நெருக்கத்தில் அமராது. ஒரு முழுப் பல் இடைவெளியைக் கூட்டி 56.25 பாகையில் வைத்தாலும் கணக்கு மாறாது. சுழற்சியில் கால் பங்கு விலகல் என்பதே வேண்டுவது. இவ்வாறு ஒரு சுற்றுக்கு 32 எண்ணிக்கை கிடைக்கும். இரும்பு உணரும் சென்சாரின் புலம் அதன் முகத்தைவிடச் சற்று விரிந்திருப்பதால் பல் உள்ளதைவிட அகலமாகத் தெரியக்கூடும். அதனால் நான்கு நிலைகளும் சம நீளத்தில் இராமல் போகலாம். நான்கும் வரிசை பிறழாமல் வரும் வரை எண்ணிக்கைக்கு இதனால் பழுதில்லை. ஏதேனும் ஒரு நிலை முற்றிலும் மறைந்துவிடும் அளவுக்கு விலகிப்போனால்தான் சென்சாரின் இடைவெளியைக் குறைத்தோ கூட்டியோ சரிசெய்ய வேண்டும். டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றி, இரு சென்சார்களின் சிறு விளக்குகளும் ஒன்று, இரண்டும், மற்றது, ஏதுமில்லை என்ற முறையில் எரிந்தணைவதைப் பார்த்தாலே போதும்; கருவி எதுவும் வேண்டாம்.

டிரம்மின் கோணத்தைச் சரியாக அளந்துவிட்டால் கயிற்றின் நீளம் கிடைத்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கயிறு அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டிருப்பதால், நிறைந்த டிரம்மின் ஒரு சுற்றில் போகும் கயிறு அதிகம். அடி அடுக்கில் போவது குறைவு. ஒரு சுற்றுக்கு இவ்வளவு நீளம் என்று பெருக்கும் எண்ணை அடுக்குக்கு ஏற்றவாறு மாற்ற வேண்டும், அல்லது கயிறு போகும் வழியிலேயே உருளை ஒன்றை அழுத்திவைத்து அதன் தண்டில் என்கோடரைப் பொருத்த வேண்டும். உருளை முறையில் அடுக்குத் தொல்லை இல்லை. ஆனால் ஈரக் கயிறும் பாசியும் சேர்ந்தால் உருளை வழுக்கும். என் கருத்தில் எங்கள் கடலுக்கு டிரம் முறையும் அடுக்குத் திருத்தமுமே பொருந்தும்.

உப்புக்காற்றைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடித் தகடும் ஒளியும் கொண்ட என்கோடரை அடைப்பு சரியில்லாத உறையில் வைத்தால், இரவில் உள்ளே நீர் பனித்து, நாளடைவில் உப்புப் படலமும் சேர்ந்து, ஒளி மங்கிவிடும். காந்த வளையமும், காந்தப்புலத்தை அறியும் ஹால் உணரியும் கொண்ட வகை நுண்மையில் பொதுவாகச் சற்றுக் குறைந்தாலும், ஈரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தாங்கும். அதைவிட முக்கியமானது கம்பி. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இந்தக் காற்றில் பச்சை பூத்து விரைவில் விட்டுப்போகும். ஒரு தடம் மட்டும் அறுந்தால் அதன் அறிகுறி தெளிவானது: நான்கு நிலைகளையும் சரியாகப் படிக்கும் மீட்டரில், டிரம் சுழன்றுகொண்டிருக்க எண் மட்டும் ஒன்று கூடி ஒன்று குறைந்து அங்கேயே தவிக்கும், கட்டுரையின் வழிமுறையில் எழுதப்பட்ட மீட்டரில் பி அறுந்தால், எந்தப் பக்கம் சுழன்றாலும் எண் ஒரே பக்கம் ஓடும். ஏ, பி கம்பிகளை இடம் மாற்றி இணைத்தால் திசை தலைகீழாகும், வேறு கேடு இல்லை. மோட்டார், டைனமோ கம்பிகளோடு நீண்ட தூரம் செல்ல நேர்ந்தால், ஒவ்வொரு தடத்துக்கும் அதன் எதிர்மறையையும் சேர்த்து முறுக்கிய இணைக்கம்பியில் அனுப்பும் ஆர்எஸ்-422 முறையே நல்லது. இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால், வித்தியாசத்தை மட்டும் படிக்கும் பெறுமுனையில் அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

மின்சாரம் வந்த கணத்திலேயே இருப்பிடம் தெரிந்தாக வேண்டிய இடங்கள் உண்டு. பல நூறு டன் எடையைத் தூக்கி நிறுத்தும் பொறியை, பூஜ்யம் தேடுவதற்காக மேலும் கீழும் அசைத்துப் பார்க்க முடியாது. அத்தகைய இடத்துக்குரியது அப்சொல்யூட் வகை என்கோடர். அதன் தகட்டில் பல வளையத் தடங்கள் இருந்து, ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்த ஓர் இருமக் குறியீட்டைத் தருகின்றன. 12 தடங்கள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 4096 இடங்கள். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு இடையே ஓர் இலக்கம் மட்டுமே மாறும்படி அமைக்கப்படும் இக்குறியீட்டு முறை, பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947-இல் விண்ணப்பித்து 1953-இல் காப்புரிமை பெற்றது. ஏ, பி இரண்டின் 00, 10, 11, 01 வரிசையும் அதே குறியீட்டின் மிகச் சிறிய வடிவமே. கட்டுரை இவ்விரு வகைகளையும் ஒன்றாகக் கலந்து பேசியதிலிருந்துதான் முதலில் நான் குறிப்பிட்ட பிழை எழுந்தது என்று தோன்றுகிறது. விலை குறைவு, கம்பிகள் குறைவு, பழுது பார்ப்பது எளிது என்பதால் வின்ச், லேத், பெட்ரோல் பங்க் போன்ற இடங்களில் இன்கிரிமெண்டல் வகை நிலைத்து நிற்கிறது. படகுகளுக்கு டீசல் நிரப்பும் பங்கின் அளவு மீட்டரிலும் இத்தகைய துடிப்பு தரும் கருவி உண்டு என்பதை, லிட்டருக்கு லிட்டர் கணக்குப் பார்க்கும் நம் மீனவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், செங்கோணப் படத்தை நீக்கி, ஏ, பி அலைகள் சுழற்சியில் கால் பங்கு விலகி நிற்கும் படத்தையும், அதன் கீழே 16 இணைகளுக்கான கூட்டல் கழித்தல் அட்டவணையையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தடைக்காலம் தொடங்கும் முன் அது வெளிவந்தால், பாம்பன் தெற்குவாடியிலும் மண்டபத்திலும் வேலைக்கு வரும் ஐடிஐ மாணவர்கள் அதை வைத்தே இந்த ஆண்டு மீட்டர்களைச் செய்ய முடியும். அட்டவணையைத் தயாரித்து அனுப்ப நான் அணியமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சிப் பயிற்றுநர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.